அரியணை கடல் தாண்டிய கதை: போர்ச்சுகல், பிரேசில், அல்கார்வ் ஐக்கிய முடியரசு

1807 நவம்பர் மாதத்தின் கடைசி நாட்கள். லிஸ்பன் நகரத்தின் பெலேம் துறைமுகத்தில் மழையும் சேறும். ஓர் அரண்மனையே காலியாகிக்கொண்டிருந்தது. தேவாலயங்களின் வெள்ளிச் சாமான்கள், அரசாங்கக் கோப்புகள், பிரபுக்களின் பெட்டி படுக்கைகள் எல்லாம் வண்டி வண்டியாக வந்து இறங்கின. அரச நூலகமும் மரப்பெட்டிகளில் அடைபட்டு வந்து சேர்ந்தது. 1755-ல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் பழைய நூலகம் அழிந்துபோன பிறகு, ஐம்பது வருடம் பாடுபட்டுத் திரும்பச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் வரைபடங்களும் அவை. எண்ணிக்கை ஏறத்தாழ 60,000.

நவம்பர் 29 அன்று கப்பல்கள் பாய் விரித்துக் கிளம்பின. கிளம்பிய அவசரத்தில் அந்தப் புத்தகப் பெட்டிகளை ஏற்றாமலே விட்டுவிட்டார்கள். மறுநாள் நெப்போலியனின் தளபதி ஜூனோ தன் படையோடு லிஸ்பனுக்குள் நுழைந்தபோது அரசகுடும்பம் கடலில் இருந்தது. பெட்டிகள் துறைமுகச் சேற்றில் நனைந்துகொண்டு நின்றன. அந்தப் பெட்டிகள் இந்தக் கதையில் திரும்ப வரும்.

சரி, ஒரு ராஜ குடும்பம் ஏன் இப்படி ஊரைக் காலி செய்துகொண்டு போக வேண்டும்? இங்கிலாந்தைப் படையால் அடக்க முடியாத நெப்போலியன், வியாபாரத்தை முடக்கி வழிக்குக் கொண்டுவரப் பார்த்தான். ஐரோப்பாவின் எந்தத் துறைமுகமும் இங்கிலாந்துக் கப்பலை உள்ளே விடக்கூடாது என்பது அவன் உத்தரவு. போர்ச்சுகலோ பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்தின் கூட்டாளி. துறைமுகத்தை மூடினால் இங்கிலாந்துக் கடற்படை பிரேசிலைப் பிடித்துக்கொள்ளும், மூடாவிட்டால் பிரெஞ்சுப் படை தரைவழியாக வந்து லிஸ்பனைப் பிடித்துக்கொள்ளும். ராணி முதலாம் மரியா மனநலம் குன்றியிருந்ததால் ஆட்சியை நடத்தியது அவர் மகன் இளவரசர் ஜுவாவோ. முடிந்தவரை இரண்டு பக்கமும் பேசிப் பேசி நாளைக் கடத்தினார். 1807 அக்டோபரில் பிரான்சும் ஸ்பெயினும் போர்ச்சுகலைத் துண்டுபோட்டுப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் போட்டுவிட்டன. பிறகு பேச்சுக்கு இடமில்லை. இங்கிலாந்துக் கப்பல்களின் காவலோடு ராணி, இளவரசர், அவர் மனைவி கார்லோட்டா ஜுவாக்கினா, ஒன்பது வயது மகன் பெட்ரோ, கூடவே அமைச்சர்கள், நீதிபதிகள், பாதிரிமார்கள், வேலைக்காரர்கள் என்று பல ஆயிரம் பேர் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள்.

ஜுவாவோவைக் கோழை என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெப்போலியன் படை புகுந்த இடங்களில் ராஜாக்கள் முடியை இழந்தார்கள், அல்லது அவன் சொன்னபடி ஆடினார்கள். அடுத்த வருடமே ஸ்பெயின் ராஜாவை வரவழைத்து முடியைப் பறித்துக்கொண்டான். ஜுவாவோவின் முடி மட்டும் அவன் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

1808 ஜனவரி 22 அன்று ஜுவாவோவின் கப்பல் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தை அடைந்தது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 28 அன்று, நட்பு நாடுகள் எல்லாவற்றின் கப்பல்களுக்கும் பிரேசில் துறைமுகங்களைத் திறந்துவிடும்படி உத்தரவு போட்டார். இந்த உத்தரவின் கனம் புரிய வேண்டுமானால் காலனி என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காலனி என்பது வெறுமனே இன்னொருவர் ஆளும் நிலம் மட்டும் இல்லை, அது ஒரு வியாபார ஏற்பாடும்கூட. பிரேசிலில் விளைந்த சர்க்கரையும் பருத்தியும், வெட்டியெடுத்த தங்கமும் லிஸ்பனுக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்துதான் மற்ற நாடுகளுக்கு விற்பனை. பிரேசில்காரருக்கு வேண்டிய துணிமணியும் இரும்பும் லிஸ்பன் வழியாகத்தான் வர வேண்டும். நடுவில் இருக்கும் லிஸ்பன் வியாபாரிக்கு வரும்போதும் லாபம், போகும்போதும் லாபம். பிரேசில் தானாக எதையும் செய்துகொள்ளக் கூடாது. 1785-ல் ராணி மரியா போட்ட ஆணைப்படி அங்கே நெசவுப் பட்டறை வைக்கவே தடை. அடிமைகளுக்கும் மூட்டை கட்டவும் வேண்டிய முரட்டுத்துணிக்கு மட்டும் விலக்கு. அச்சகம் வைக்கவும் அனுமதி கிடையாது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஒரு பல்கலைக்கழகமும் இல்லை. படிக்க வேண்டுமென்றால் போர்ச்சுகலில் உள்ள கோயிம்ப்ராவுக்குக் கப்பல் ஏற வேண்டும்.

ராஜாவே வந்து உட்கார்ந்த பிறகு இந்த ஏற்பாடு எப்படி நடக்கும்? லிஸ்பன் பிரெஞ்சுக்காரர் கையில் இருக்கிறது. சரக்கை அங்கே அனுப்ப முடியாது. வரி வசூல் இல்லாமல் அரசாங்கம் நடக்காது. எனவே துறைமுகம் திறந்தது. ஏப்ரல் மாதம் தொழில் தடை நீங்கியது. மே மாதம், அரசகுடும்பம் குடியேறிய ரியோ டி ஜெனிரோவில் அரச அச்சகம் வந்தது, செப்டம்பரில் அங்கே அச்சான முதல் செய்தித்தாள். அப்புறம் தாவரவியல் பூங்கா, வெடிமருந்துத் தொழிற்சாலை, பிரேசில் வங்கி, சால்வடாரில் மருத்துவக் கல்வி. இவ்வளவும் ஒரே வருடத்தில். முந்நூறு வருடமாக இல்லாதவை ஒன்பது பத்து மாதத்தில் வந்துவிட்டன. பிரேசிலின் சுதந்திர நாள் எது என்று கேட்டால் பாடப்புத்தகம் 1822 செப்டம்பர் 7 என்று சொல்லும். என்னைக் கேட்டால் 1808 ஜனவரி 28 அன்றே பாதி சுதந்திரம் வந்துவிட்டது என்பேன். மீதிப் பாதிதான் பின்னால் சண்டையாக முடிந்தது.

ரியோ மக்களுக்கு இது முழுக்க இனிப்பாக இருக்கவில்லை. வந்து இறங்கிய பிரபுக்களையும் அதிகாரிகளையும் எங்கே தங்க வைப்பது? நல்ல வீடாகப் பார்த்துக் கதவில் 'பி.ஆர்.' என்று எழுதிவிடுவார்கள். இளவரசப் பிரதிநிதி என்பதற்கான போர்த்துக்கீசியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. எழுதிய வீட்டை உரிமையாளர் ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். ரியோக்காரர்கள் அந்த எழுத்துகளுக்கு வேறு விரிவு சொன்னார்கள்: 'போன்யா-சே நா ருவா'. தெருவுக்கு நட என்று அர்த்தம்.

பெட்டிகளுக்கு வருவோம். பிரெஞ்சுப் படையை வெளியேற்றிய பிறகு, 1810-லும் 1811-லும் புத்தகங்கள் தவணை தவணையாக ரியோவுக்குக் கப்பலேறின. ஒரு தவணையோடு கூட வந்தவர் லூயிஸ் மரோக்கோஸ் என்ற நூலகப் பணியாளர். லிஸ்பனில் இருந்த தந்தைக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ரியோவின் வெயில், நோய், அழுக்கு, மனிதர்கள், எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் கடிதங்கள் முழுக்கப் புலம்பல். இவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1815. நெப்போலியன் தோற்றுவிட்டான். ஐரோப்பிய வல்லரசுகள் வியன்னாவில் கூடி, கலைந்த சீட்டுக்கட்டை அடுக்குவதுபோல எல்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தன. பழைய ராஜாக்கள் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த மாநாட்டின் அடிப்படைக் கொள்கை. ஜுவாவோவுக்கு இங்கேதான் சிக்கல். அவர் இருப்பது தன் நாட்டில் இல்லை, தன் காலனியில். திரும்பிப் போகவும் அவருக்கு மனமில்லை. போனால் பிரேசில் கைவிட்டுப் போகும் என்ற பயமும் இருந்தது. பக்கத்து ஸ்பானியக் காலனிகள் ஒவ்வொன்றாகக் கிளர்ந்தெழுந்துகொண்டிருந்தன.

இதற்குக் கிடைத்த வழி, ராஜா இருக்கும் இடத்தையே ராஜ்யம் ஆக்கிவிடுவது. பிரெஞ்சு ராஜதந்திரி தாலிரான்தான் வியன்னாவில் போர்ச்சுகல் தூதர்களிடம் இந்த யோசனையைச் சொன்னார் என்பார்கள். 1815 டிசம்பர் 16 அன்று ரியோவில் சட்டம் வெளியானது. அன்றுமுதல் பிரேசில் காலனி இல்லை. போர்ச்சுகலுக்குச் சமமான ஒரு முடியரசு. எல்லாம் சேர்த்து நாட்டின் பெயர் 'போர்ச்சுகல், பிரேசில், அல்கார்வ் ஐக்கிய முடியரசு'.

பெயரில் இருக்கும் அல்கார்வைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் வரும். அது போர்ச்சுகலின் தென்கோடியில் உள்ள ஒரு சிறிய கடலோரப் பகுதி. 13-ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து வென்றபோது, போர்ச்சுகல் ராஜாக்கள் 'அல்கார்வின் ராஜா' என்ற பட்டத்தையும் சேர்த்துச் சூட்டிக்கொண்டார்கள். தனி அரசாங்கமோ தனிச் சட்டமோ அதற்கு இருந்ததில்லை. பெயரளவில்தான் அது ராஜ்யம். உண்மையில் ஐக்கியமானவை இரண்டே நாடுகள்.

'ஐக்கிய முடியரசு' என்பதற்கு ஒரு வீட்டுக் கணக்கில் விளக்கம் சொல்லலாம். மூத்தவன் பெயரில் இருக்கும் தோட்டத்தில் இளையவன் வேலை பார்ப்பது காலனி. இருவர் பெயரும் பட்டாவில் ஏறி, பொதுவில் ஒரே தலைவர் இருப்பது ஐக்கிய முடியரசு. பட்டாவில் பெயர் ஏறியபின் இளையவனைப் பழையபடி கூலிக்கு வா என்று கூப்பிட முடியாது. இந்தக் கூட்டு உடைந்ததன் காரணம் முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

1816-ல் ராணி மரியா இறந்தார். 1818 பிப்ரவரி 6 அன்று ரியோவில் ஜுவாவோ, ஆறாம் ஜுவாவோவாக அரியணை ஏறினார். அமெரிக்கக் கண்டத்தில் இப்படி ராஜாவாக அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய மன்னர் அவர் ஒருவர்தான். மகன் பெட்ரோவுக்கு ஆஸ்திரியப் பேரரசரின் மகள் லியோபோல்டினாவை மணம் முடித்தார்கள். பிரான்சிலிருந்து ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் வந்தார்கள். வடக்கே பிரெஞ்சு கயானாவைச் சில வருடம் கைப்பற்றி வைத்திருந்தார்கள். தெற்கே இன்றைய உருகுவே நிலத்துக்குள் படை அனுப்பினார்கள், 1821-ல் அதை நாட்டோடு சேர்த்தும் கொண்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் உச்சம் இதுதான்.

ஆனால் இந்த ராஜ்யம் யார் தோளில் நின்றது என்று சொல்லாமல் மேலே போனால் கதை பொய்யாகிவிடும். 1819 மதிப்பீட்டின்படி பிரேசிலில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். ரியோ நகரத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அடிமைகள். 1811-ல் அங்கே வலோங்கோ என்ற இடத்தில் ஒரு கல் துறைமுகம் கட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்களை இறக்குவதற்கென்றே அது. சந்தை பக்கத்திலேயே. வந்திறங்கிய உடன் இறந்தவர்களைப் புதைக்கும் குழிகளும் பக்கத்திலேயே. அரண்மனையில் பட்டாபிஷேகம் நடந்த அதே வருடங்களில் இந்தத் துறையில் மனிதர்கள் சங்கிலியோடு இறங்கினார்கள். பின்னாளில் மண்ணுக்குள் புதைந்துபோன அந்தத் துறையை 2011-ல் தோண்டியெடுத்தார்கள். 2017-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிரேசில் சமமான ராஜ்யம் ஆனது என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கற்கள்தான் ஞாபகம் வருகின்றன. 1815 சட்டம் இவர்கள் வாழ்க்கையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

சமம் என்பது பிரேசிலுக்குள்ளேயேகூட எல்லாருக்கும் இல்லை. வடகிழக்கில் உள்ள பெர்னாம்புக்கோ மாகாணத்தவருக்கு ரியோ இன்னொரு லிஸ்பனாகத்தான் தெரிந்தது. அரசவையின் செலவுக்கெல்லாம் வரி கட்டுவது தாங்கள், அனுபவிப்பது ரியோ என்ற கோபம். 1817 மார்ச்சில் ரெசிஃபே நகரில் கலகம் செய்து குடியரசு அமைத்தார்கள். இரண்டரை மாதத்தில் அடக்கப்பட்டது. தலைவர்களுக்கு மரண தண்டனை.

இந்தப் பக்கம் போர்ச்சுகலின் நிலை பரிதாபம். பிரெஞ்சுப் படை மூன்று முறை உள்ளே புகுந்து நாட்டைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. ராஜா இல்லை. படையின் தலைமை பெரெஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துத் தளபதியின் கையில். அவருக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம்சாட்டி 1817-ல் தளபதி கோமெஸ் ஃப்ரெய்ரியையும் இன்னும் 11 பேரையும் தூக்கிலிட்டார்கள். பிரேசில் வியாபாரம் கைவிட்டுப் போயிருந்தது. 1810-ல் இங்கிலாந்தோடு ரியோ போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள்: பிரேசில் துறைமுகத்தில் இங்கிலாந்துச் சரக்குக்கு 15 சதவீதம் சுங்கம், போர்ச்சுகல் சரக்குக்கு 16 சதவீதம், மற்றவர்களுக்கு 24. சொந்த ராஜாவின் துறைமுகத்தில் சொந்த நாட்டுச் சரக்குக்கு அந்நியச் சரக்கைவிட அதிக வரி! போர்ட்டோ நகரத்து வியாபாரியின் வயிறு எரிந்ததில் என்ன ஆச்சரியம்? தாங்கள்தான் இப்போது காலனி என்று போர்ச்சுகல்காரர்கள் பேசிக்கொண்டதை வெறும் மிகை என்று தள்ள முடியாது.

1820 ஆகஸ்ட் 24 அன்று போர்ட்டோவில் புரட்சி வெடித்தது. சில வாரங்களில் லிஸ்பனும் சேர்ந்துகொண்டது. கோர்தெஸ் என்ற நாடாளுமன்றத்தைக் கூட்டி அரசியலமைப்பு எழுதுவோம், ராஜா திரும்பி வரட்டும் என்றார்கள். ஜுவாவோ வழக்கம்போல் நாளைக் கடத்திப் பார்த்தார். ரியோவில் இருந்த படையே புரட்சியின் பக்கம் சாய்ந்த பிறகு வேறு வழியில்லை. 1821 ஏப்ரல் 26 அன்று, 13 வருடம் வாழ்ந்த ஊரை விட்டுக் கப்பலேறினார். போகும்போது பிரேசில் வங்கியின் பெட்டகமும் காலியானது. 22 வயது பெட்ரோவை அங்கே ஆட்சிப் பொறுப்பில் விட்டுச் சென்றார். பிரேசில் என்றாவது பிரிந்துபோவதானால் யாரோ முகம் தெரியாதவன் கையில் போவதைவிட உன் கையிலேயே போகட்டும் என்று தந்தை அப்போது சொன்னதாக, மறு வருடம் பெட்ரோவே அவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவூட்டுகிறார்.

இங்கே லிஸ்பன் நாடாளுமன்றம் செய்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். அவர்கள் சர்வாதிகாரத்தை எதிர்த்தவர்கள். பேச்சுரிமை, வாக்குரிமை என்று பேசியவர்கள். பிரேசில் மாகாணங்களிலிருந்தும் பிரதிநிதிகளை அழைத்தார்கள். ஆனால் அந்தப் பிரதிநிதிகள் வந்து சேர்வதற்கு முன்பே முடிவுகளை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1821 செப்டம்பர் 29 அன்று போட்ட ஆணை ஒன்று, பெட்ரோ ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டும் என்றது. ரியோவில் 1808-க்குப் பின் வந்த உயர் நீதிமன்றங்களையும் அரசு அலுவலகங்களையும் கலைக்கும் ஏற்பாடும் கூடவே வந்தது. மாகாணங்கள் ரியோவுக்கு இல்லாமல் நேரடியாக லிஸ்பனுக்கே பதில் சொல்ல வேண்டும் என்பது திட்டம். அதாவது பட்டாவில் ஏறிய பெயரை அழிக்கிறார்கள்.

இடையே இரண்டு மாதக் கடல். செப்டம்பர் கடைசியில் போட்ட ஆணை ரியோவில் படிக்கப்படும்போது டிசம்பர். அதற்குப் பதில் லிஸ்பன் போய்ச் சேரும்போது அடுத்த வருடம் பிறந்துவிடும். கோபமான ஒரு கடிதத்துக்குச் சமாதானமான பதில் வருவதற்குள் அந்தப் பக்கம் இன்னும் மூன்று கோபமான கடிதம் கிளம்பியிருக்கும்.

ரியோ மக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு, போகாதீர்கள் என்று பெட்ரோவைக் கேட்டார்கள். 1822 ஜனவரி 9 அன்று, இருக்கிறேன் என்றார். பிரேசில் வரலாற்றில் அந்த நாளுக்கு 'ஃபீக்கோ நாள்' என்றே பெயர். 'ஃபீக்கோ' என்றால் 'இருக்கிறேன்'. ஜோசே பொனிஃபாசியோ என்ற முதிர்ந்த அறிஞர் அமைச்சரானார். கனிமவியலில் பேர் வாங்கியவர், அரசியலிலும் கெட்டிக்காரர். அவரும்கூட முதலில் கேட்டது முழுப் பிரிவினை இல்லை. ஒரே ராஜா, சமமான இரண்டு நாடு என்ற 1815 ஏற்பாடு நிலைத்தால் போதும் என்பதுதான் அவர் நிலை. அதையும் லிஸ்பன் தர மறுத்தது.

ஆகஸ்ட் கடைசியில் லிஸ்பனிலிருந்து இன்னும் கடுமையான செய்திகள் வந்தன. பெட்ரோ அப்போது சாவோ பாவ்லோ பக்கம் பயணத்தில் இருந்தார். ரியோவில் அவர் இடத்தில் மந்திரி சபையைக் கூட்டியவர் இளவரசி லியோபோல்டினா. பிரிந்துவிடுவதே வழி என்று சபை முடிவு செய்ய, அவரும் பொனிஃபாசியோவும் எழுதிய கடிதங்களோடு ஆள் குதிரையில் பறந்தான். செப்டம்பர் 7 அன்று மாலை, இப்பிராங்கா ஓடைக் கரையில் பெட்ரோ அவற்றைப் படித்தார். புகழ்பெற்ற ஓவியத்தில் அவர் கம்பீரமான குதிரையில் வாளை உயர்த்தி நிற்கிறார். உண்மையில் அவர் வந்தது மலைப்பாதைக்கு ஏற்ற கோவேறு கழுதையில் என்றும், அன்று வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார் என்றும் கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 'சுதந்திரம் அல்லது மரணம்' என்று முழங்கினார். அக்டோபர் 12, அவருடைய 24-ஆவது பிறந்த நாளில் பிரேசிலின் பேரரசராக அறிவிக்கப்பட்டார். ஐக்கிய முடியரசு ஏழு வருடம்கூட நிறையாமல் முடிந்தது.

ஓடைக்கரை முழக்கத்தோடு எல்லாம் அமைதியாக நடந்து முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. வடக்கில் போர்ச்சுகல் படைகள் விட்டுக்கொடுக்கவில்லை. பஹியாவில் சண்டை 1823 ஜூலை 2 அன்றுதான் ஓய்ந்தது. அந்த மாகாணத்தில் இன்றும் அந்த நாள்தான் பெரிய திருவிழா. ஆண் வேடமிட்டுப் படையில் சேர்ந்த மரியா கிதேரியா என்ற பெண்ணின் பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரியும்.

போர்ச்சுகல் தோல்வியை ஒப்புக்கொண்டது 1825 ஆகஸ்ட் 29 அன்று, இங்கிலாந்தின் மத்தியஸ்தத்தில் ரியோவில் கையெழுத்தான உடன்படிக்கையில். தந்தை ஜுவாவோவுக்கு வாழ்நாள் முழுக்க 'பிரேசில் பேரரசர்' என்ற கௌரவப் பட்டம். கூடவே பிரேசில் 20 லட்சம் பவுண்டு இழப்பீடு தர வேண்டும். அதில் பெரும்பகுதி, போர்ச்சுகல் லண்டனில் வாங்கியிருந்த கடனைப் பிரேசில் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. புது நாடு கடனோடு பிறந்தது.

பிரிந்த பிறகு ஒரே ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும், இரண்டு முடியும் ஒரு தலையில் கூடின. 1826 மார்ச்சில் ஜுவாவோ இறந்ததும் பெட்ரோதான் போர்ச்சுகலின் சட்டப்படியான வாரிசு. நான்காம் பெட்ரோ என்ற பெயரில் ராஜாவானார். ரியோவில் இருந்தபடியே போர்ச்சுகலுக்கு ஒரு அரசியலமைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, மே மாதம் ஏழு வயது மகள் மரியாவுக்கு முடியை விட்டுக்கொடுத்தார். இரண்டையும் சேர்த்து ஆள இரு கரையிலும் யாரும் விடமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

மரோக்கோஸ் என்ன ஆனார்? புலம்பிக்கொண்டே வந்த அந்த நூலகப் பணியாளர் ரியோவில் கல்யாணம் செய்துகொண்டார். கடிதங்களில் வெயிலைத் திட்டுவது குறைந்தது, ஊரைப் பாராட்டுவது கூடியது. 1821-ல் ராஜா கப்பலேறியபோது அவர் ஏறவில்லை. 1824-ல் பிரேசில் பேரரசின் முதல் அரசியலமைப்பைக் கையால் எழுதியவர் அவர்தான். 1838-ல் ரியோவிலேயே இறந்தார்.

புத்தகங்களும் திரும்பவில்லை. ராஜா சில சுவடிகளை மட்டும் எடுத்துச் சென்றார். பெரும்பகுதியை அங்கேயே விட்டுப் போனார். 1825 உடன்படிக்கையை ஒட்டிய கணக்கில் இந்த நூலகத்துக்கென்று தனியாக 800 கோந்தோ (அக்காலப் போர்த்துக்கீசியப் பணக் கணக்கு) விலை போட்டுப் போர்ச்சுகல் வாங்கிக்கொண்டது. பெலேம் துறையில் மறந்து விட்டுப்போன பெட்டிகளைப் பிரேசில் காசு கொடுத்து வாங்கியது. 1462-ல் மைன்ஸ் நகரில் அச்சான பைபிள் உட்பட, இன்று அவை ரியோவில் பிரேசிலின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தின் இப்போதைய கட்டடம் 1910 அக்டோபர் 29 அன்று திறக்கப்பட்டது. பிரேசிலில் முடியாட்சி போய் அப்போது 21 வருடம் ஆகப்போகிறது. லிஸ்பனில் கடைசி ராஜா முடியிழந்து 24 நாள்தான் ஆகியிருந்தது.